கரைக்கு மணல்

அந்தப் பெண் இன்றும் வந்திருந்தாள்.

சூலக்கரை கலெக்டர் அலுவலக வராந்தாவில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்த உதவிப் பொறியாளர் ஜெயச்சந்திரன் சட்டென்று உள்ளே நகர்ந்துகொண்டார்.

குறைதீர்க்கும் நாள் என்பதால் திங்கட்கிழமைகளில் அவரும் இங்கே வந்தாக வேண்டும். போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் அவள் கண்ணில் படாமல் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கிப் போயிருந்தார்.

குருவம்மாள். பெயர்கூட மறக்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு அவர் கடலோர மாவட்டம் ஒன்றில் வேலை பார்த்தார். அவளுடைய ஊரில் கரையே இல்லாமல் போயிருந்தது. வாசற்படி வரை தண்ணீர். கடலுக்குள்ளிருந்து மணலை உறிஞ்சிக் குழாய் வழியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். பிள்ளைகள் பந்து விளையாடுகிற அளவுக்குக் கரை அகலமானது.

அந்த மணல் நிலைக்காது என்று ஊருக்குத் தெரியும். உள்ளே தள்ளி, மேட்டு நிலத்தில் வீடு தருகிறார்களே, போய்விடலாமா என்று பாதிப் பேர் யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க் கூட்டத்தில் எழுந்து கேட்டவள் இவள்தான்.

“இத கடலு அள்ளிட்டுப் போச்சுன்னா திரும்ப யாரு சார் போடுவா?”

“ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாங்களே போடுவோம்மா. அது அரசாங்கத்தோட பொறுப்பு.”

ஜெயச்சந்திரன் பொய் சொல்லவில்லை. திட்டத்தில் அப்படித்தான் இருந்தது. அவர் பேச்சை நம்பி ஊர் அங்கேயே தங்கிவிட்டது.

ஆனால் முதல் மணலுக்கு மட்டும்தான் நிதி வந்தது. அடுத்தது எப்போது என்று அவர் கேட்டபோது, அது நம் வேலையா என்று மேலிடத்தில் திருப்பிக் கேட்டார்கள். யார் வேலை என்று முடிவாவதற்குள் அவருக்கு இந்த மாவட்டத்துக்கு மாறுதல் வந்துவிட்டது. அதன்பிறகு அவர் யாரிடமும் கேட்கவில்லை.

மதியம் ஆகியும் அவள் எழுந்து போகவில்லை. அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடித்தார். பிரித்த ஃபைலையே மறுபடி பிரித்தார். பின்பக்கம் வெள்ளையடிக்கிறார்கள் என்று இன்று கதவைப் பூட்டியிருந்தார்கள்.

யாரும் கூப்பிடாத போனைக் காதில் வைத்துக்கொண்டு வேகமாக வராந்தாவைக் கடந்தார்.

“சார்.”

நின்றுவிட்டார்.

குருவம்மாள் எழுந்து அருகில் வந்தாள். மீன் விற்ற கையில், விரல் இடுக்கெல்லாம் வெடிமருந்தின் சாம்பல் நிறம் ஏறியிருந்தது.

“நீங்க எப்படிம்மா இங்க?”

“மல்லாங்கிணறு எனக்குப் பெறந்த ஊரு சார். இப்ப பட்டாசுக் கம்பெனிக்குப் போறேன். நீங்க இங்கன இருக்கீகன்னு சொன்னாக.”

தயாராக வைத்திருந்த பதிலை ஒரே மூச்சில் சொன்னார். “நான் இப்ப அந்த மாவட்டத்துல இல்லம்மா. அங்க உள்ளவங்கதான் பாக்கணும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

“அதுக்கில்ல சார்.”

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை இன்னும் நிலைகொள்ளாமல் செய்தது.

“ஆனி மாசக் காத்துல கடைசித் தெருவும் கடலுக்குள்ள போயிருச்சு. ஆளுக்கொரு பக்கமா கெளம்பிட்டோம். அங்கன இப்ப ஒரு ஈ காக்கா இல்ல.”

திட்டப் போகிறாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

“ரெண்டு வருஷம் ஆயிருச்சுல்ல சார், இந்தா மண்ணு போட வந்துருவீக. விஷயம் தெரியாம ஆளில்லாத எடத்துல கொட்டிட்டா அம்புட்டும் வீணாப் போகும். எங்க ஊருக்குன்னு உள்ள மண்ணப் பக்கத்துல வடக்கூருக்குப் போட்டுருங்க. அங்கன இன்னும் குடியிருக்காக. அதச் சொல்லிட்டுப் போகத்தான் மூணு வாரமா லீவு போட்டு வாரேன்.”

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார்.

“சரிம்மா” என்று வந்தது.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு வேலை முடிந்த நிம்மதியோடு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.