நெய் டின் சிங்கம்

சிங்கம் உறுமியதும், பெண்டாட்டியை டெண்ட்டுக்குள் விட்டுவிட்டு வேலுமணி மாமா வெளியே ஓடினார்.

பார்த்தது நான் மட்டும்தான். ஏனென்றால் அந்தச் சிங்கமே நான்தான்.

காலியான ஊத்துக்குளி நெய் டின்னுக்குள் வாயை வைத்து, அடித்தொண்டையில் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். நிஜ சிங்கமே திரும்பிப் பார்க்கும்.

2006-ல் ஆர்டர் நன்றாக ஓடியது. வேலம்பாளையத்து பனியன் கம்பெனிக்காரர்கள் நாலு குடும்பம் சேர்ந்து ஆப்பிரிக்கா கிளம்பிவிட்டோம். கேப்டவுனில் ஒரு பெரிய லாரியில் ஏறி, நமீபியா தாண்டி போட்ஸ்வானா வரை, காட்டுக்குக் காடு டெண்ட் அடித்து மிருகம் பார்க்கிற பயணம். ரொட்டி தொண்டையில் இறங்காது என்று, சமையலுக்கு நல்லான் அண்ணனையும் மாமா கூட்டிவந்திருந்தார்.

முதல் நாளே கைடு சைமன் கறாராகச் சொல்லிவிட்டார். மாமா அதைக் கொங்குத் தமிழில் ஒலிபரப்பினார்.

"விசில் ஊதினாலும் சரிங்க, சிங்கம் கத்தினாலும் சரிங்க, டெண்ட்டுக்குள்ள பூந்து ஜிப்பை இழுத்துப் போடோணுமாமுங்க. விசில் காதுல விழுகலைன்னு சொல்றவங்க, டவுன் லாட்ஜுலயே படுத்துக்கலாமாமுங்க!"

நான் சும்மா இருப்பேனா? சைமன் குரல், மாமா குரல், கழுதைப்புலி குரல் என்று வழியெல்லாம் என் மிமிக்ரி நடந்தது. நீர்யானைதான் சுலபம். கரண்ட் போனதும் எங்கள் கம்பெனி ஜெனரேட்டர் கிளம்புமே, அதே சத்தம். லாரியே குலுங்கிச் சிரித்தது.

நல்லான் அண்ணன் மட்டும் சிரிக்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அவர் பக்கத்துச் சீட்டு எப்போதும் மாமாவுக்குத்தான். ஓயாத இம்சை. "ஏப்பா நல்லான்! காதுல பஞ்சா அடைச்சிருக்கற?" என்று கத்துவார். முழங்கையால் இடிப்பார். ஒட்டகச்சிவிங்கி வந்தால் அவர் தலையைப் பிடித்தே திருப்புவார்.

"வேலைக்காரன்னா இப்படியா படுத்தறது?" என்று மாமாவின் பெண்டாட்டி மயிலாள் அத்தையே முணுமுணுப்பார்.

அன்றைக்குப் போட்ஸ்வானாவில், சோபி ஆற்றுப் பக்கம் டெண்ட். மறுநாள் யானைக்கூட்டம் பார்க்கப் போகிறோம். சாயங்காலம் சைமன் லாரியோடு விறகு வாங்கப் போயிருந்தார். எல்லாரும் டெண்ட்டுக்குள் கால் நீட்டியிருந்தார்கள். மரத்தடியில் நல்லான் அண்ணன் ரசம் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் புதருக்குப் பின்னால் போய் நெய் டின்னைத் தூக்கினேன்.

ஒரே உறுமல். சர் சர்ரென்று எல்லா ஜிப்பும் மூடிக்கொண்டன.

ஒரே ஒரு ஜிப் திறந்தது. மடித்துக் கட்டிய லுங்கியும் கையில் ஒரு மடக்கு நாற்காலியுமாக மாமா, ரசச் சட்டி இருந்த பக்கம் பறந்தார்!

"சிங்கமில்லீங்க, யாழினிங்க!" என்று நான் குதித்து வெளியே வந்ததும் டெண்ட்டெல்லாம் திறந்தன. திட்டு பாதி, சிரிப்பு பாதி.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, கட்டின பொண்டாட்டிய சிங்கத்துக்கு விட்டுப்போட்டு, நீங்க மட்டும் ஓடுனீங்களாக்கும்?"

"ரசம் வாசனை இழுத்துப்போட்டுது மயிலா. பசிங்."

"உட்கார நாற்காலி வேற!" என்றார் அப்பா.

ஆற்றங்கரையே சிரித்தது. நான் மாமா ஓடினதை லுங்கியோடு நடித்துக் காட்டினேன். மாமாவும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு டெண்ட்டுக்குள் போய்விட்டார்.

நல்லான் அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சிரிக்காட்டிப் போகட்டும், ஒரு தடவையாவது துள்ளட்டும். டின்னோடு பூனை மாதிரி போய், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, மூச்சு முட்ட ஓர் உறுமல் விட்டேன்.

மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் பறந்தன.

நல்லான் அண்ணன் ரசத்தில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, உப்புப் பார்த்தார்.

யாரோ என் கையிலிருந்து டின்னை வாங்கினார்கள். மாமா. முதல் தடவையாக மெதுவான குரலில் பேசினார்.

"இருபது வருசம் தறி ஓட்டினவன் அம்முணி. அந்தச் சத்தத்துலயே காது போயிருச்சு. சைமன்கிட்டச் சொல்லீராத, லாட்ஜுல உக்கார வச்சுருவான். அமராவதி டேமுக்குப் போறப்பெல்லாம் யானை வராம ஏமாந்தவன். நாளைக்காச்சும் பாக்கட்டும்."

"அப்ப, காதுல பஞ்சான்னு திட்டறது?"

"அப்படித் திட்டினாத்தான், சோம்பேறின்னு நெனச்சுக்கிட்டு எல்லாரும் விட்டுருவாங்க."

"அத்தைகிட்டவாவது சொல்லக்கூடாதுங்களா மாமா?"

"உங்கத்தைகிட்டச் சொன்னா வேலம்பாளையம் வரைக்கும் கேக்கும்."

நல்லான் அண்ணன் அப்போதுதான் தற்செயலாகத் திரும்பினார். என்னைப் பார்த்ததும் முகம் மலர, "பசிக்குதா கண்ணு?" என்றார்.

"இருந்தாலும் மாமா, சிங்கம்னு தெரிஞ்சும் அத்தைய விட்டுப்போட்டு வந்துட்டீங்களே?"

மாமா மடக்கு நாற்காலியை எடுத்து, புதருக்கும் நல்லான் அண்ணனுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"உங்கத்தைக்குத்தான் காது கேக்குமே கண்ணு."