கடைசி எண்

சென்னியப்பர் வீட்டு வைஃபையில், யாரும் வாங்கி வைக்காத ஒரு கருவி ஏதோ பேசிக்கொண்டிருந்தது. மாடியில் குடியிருக்கும் மகன்கள் இருவருமே தெரியாது என்றார்கள். பெற்றவனை மகன்களே ஒட்டுக்கேட்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிந்தால் தலை நிமிர முடியாது. வெளியாளைக் கூப்பிடாமல், நெட்வொர்க் வேலை பார்க்கும் தம்பி மகள் தாரணியை வரவழைத்தார்.

அவர் அறையிலேயே உட்கார்ந்து அவள் அந்தக் கருவியின் பேச்சைத் தன் மடிக்கணினித் திரையில் ஓடவிட்டாள். வரிவரியாக எண்கள். "என்ன பாஷைன்னே தெரியலீங்க பெரியப்பா. ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தாத்தான் எந்த எண் எதைச் சொல்லுதுன்னு புடிபடும்."

விளக்கை அணைத்தார்கள். ஃபேனை நிறுத்தினார்கள், கதவைச் சாத்தினார்கள். கேட்பவனுக்கு உறைக்கட்டும் என்று மகன்களை வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தார்.

"நீங்க திட்டுறது அதுக்குக் கேக்கவே இல்லீங்க," என்று சிரித்தவள், வரியின் கடைசி எண் மட்டும் ஏறி இறங்குவதைக் கவனித்தாள். திரும்பி அவர் நெஞ்சைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"கொஞ்சம் மூச்ச அடக்குங்க பெரியப்பா."

முதுகை நிமிர்த்தி அடக்கினார். எண் இறங்கி இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது.

"உங்க மூச்சைத்தான் இது யாருக்கோ சொல்லிட்டிருக்குது," என்றாள் மெதுவாக.

மாடியில் ஒரு கதவு படாரென்று திறந்தது. மகன்களில் ஒருவன் கையில் ஃபோனோடு தடதடவென்று படியிறங்கி வந்தான்.

"போதும், மூச்ச விடுங்க பெரியப்பா." தாரணி அவர் தோளைத் தொட்டாள்.

அவர் விடவில்லை. வருகிற முகத்தில் இருப்பது பயமா, வேறு ஏதாவதா என்று பார்க்கும்வரை விடுவதாக இல்லை.