மேலிடம்

கூடத்தில் இருந்தவர்கள் பெரியவர், அவர் மனைவி, மகள், மாப்பிள்ளை.

மாப்பிள்ளை சோப்புப் பெட்டியைத் திறந்தார். “நேரடி விற்பனை, மாமா. ஓய்வு நேரத்துல கூடுதல் வருமானம்.”

“சோப்பு விக்கணுமா, ஆள் பிடிக்கணுமா?”

“ரெண்டும்தான். நமக்குக் கீழ ஆள் சேரச் சேர கமிஷன்.”

“சொந்தக்காரங்க தலையில கட்டுற வேலை! குடும்ப மானம் கப்பலேறிடும், மாப்பிள்ளை. விட்டுடுங்க.”

“எனக்கு மேல இருக்கிறவங்க விடமாட்டாங்களே.”

“யாரந்த மேலிடம்? வரச் சொல்லுங்க! நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன்.”

பெரியவரின் மனைவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “நான்தான். கேளுங்க.”

பெரியவர் தொண்டையைச் செருமினார். “நுரை நல்லா வருமா?”

பெரியவர் தம் மனைவிக்குக் கீழே சேர்ந்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். சுத்தப் பொய். அங்கே இடம் நிரம்பிவிட்டது. மாப்பிள்ளைக்குக் கீழேதான் சேர்ந்தார்.