காபித்தூள் டப்பா

மூன்று வருடச் சைனஸ். குந்தவியின் மூக்கில் தினமும் காலையில் அம்மா சிரிஞ்சால் உப்புநீரைப் பீய்ச்சுவாள். மண்டைக்குள் மிளகாய் அரைத்ததுபோல் எரியும். அதற்குமுன் காபித்தூள் டப்பாவை நீட்டுவாள். வாசனை தெரிந்துவிட்டால் அன்றோடு சிரிஞ்சுக்கு முழுக்கு.

வகுப்பில் குந்தவியின் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

“என் மூக்கு நாறுதாம்மா.”

“பொய்டி. நாத்தம்னா நான் உன் பக்கத்துல படுப்பேனா?”

படுப்பாள், சுவரைப் பார்த்து.

ஒருநாள் விடியும்போது மூக்கு திறந்துகொண்டது. முதலில் தெரிந்தது, தன் மூக்கு ஒழுகி ஊறிய தலையணையின் அழுகல் நாற்றம். எதிரே அம்மாவின் முதுகு.

எழுந்ததும் டப்பா வந்தது. காபி வாசம் நெஞ்சுவரை இறங்கியது.

“வாசனை வருதாடி?”

அம்மாவின் முகத்தையே பார்த்தாள் குந்தவி. வருது என்றால், அம்மா சொன்ன பொய்யும் தெரிந்துவிட்டதென்று ஆகிவிடும்.

“இல்லம்மா” என்று சிரிஞ்சுக்கு வாகாகத் தலையைச் சாய்த்தாள்.