சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால்

ஜூன் பதினான்கு, ஞாயிறு. போன மாதம் செய்த தப்பை இன்றைக்கும் செய்வதாக இல்லை அந்த லிஃப்ட் மெக்கானிக்.

இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையோடு உணவகத்தின் மூலை மேஜையில் வந்து உட்கார்ந்தான். முதல் வேலையாக வயிற்றுப்போக்கு மாத்திரையை விழுங்கினான்.

"என்ன சார் சாப்பிடுறீங்க?" என்றார் சர்வர்.

"அரை மணி போகட்டும். மாத்திரை போட்டிருக்கேன்."

"டிரெஸ்ஸைப் பார்த்தா மாப்பிள்ளை. முகத்தைப் பார்த்தா பரீட்சைக்கு வந்தவர் மாதிரி இருக்கே!"

"பரீட்சைதாங்க."

மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம். மகளைப் பார்க்க கோர்ட் கொடுத்தது அவ்வளவுதான். பதற்றம் வந்தாலே அவன் வயிறு கலங்கிவிடும்.

"சாப்பிட்டப்புறம் போட்டா, பஸ் போனப்புறம் கை காட்டுற மாதிரி" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறந்துவிட்டான். போன மாதம் கிடைத்த நேரத்தில் பாதி கழிவறையில் போயிற்று. கதவுக்கு வெளியே மகள் நின்றாள். சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, உள்ளே கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தான்.

இன்று கண்ணாடிக் கதவருகே வந்து மகளின் கையை விட்டாள் அவன் முன்னாள் மனைவி. இவன் பக்கம் திரும்பாமலே சாலையைக் கடந்து எதிர்க்கடை நிழலுக்குப் போனாள். விவாகரத்துப் பத்திரத்தில் கண்கூடக் கலங்காமல் கையெழுத்துப் போட்டவள். கல்நெஞ்சுக்காரி.

சாப்பாடு வந்தது. வயிறு இன்று சொன்ன பேச்சைக் கேட்டது. மகள் மூன்றாம் வகுப்புச் சண்டைகளை எல்லாம் அளந்தாள். திடீரென்று கரண்டியை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

"இன்னைக்கு பாத்ரூம் போகலையாப்பா?"

"இல்லடா கண்ணு. அப்பாவுக்குச் சரியாயிடுச்சு."

"அப்போ இனிமே அழ மாட்டீங்களா?"

"நான் எப்போடா அழுதேன்?"

"போன தடவை. குழாயைத் திறந்துவிட்டுட்டு உள்ளேயே இருந்தீங்கல்ல?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குழாய் திறந்திருந்தா அழுகைன்னு உனக்கு யாரு சொன்னா?"

மகள் எதிர்க்கடை நிழலை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"யாரும் சொல்லலப்பா. அம்மா தினமும் அப்படித்தான் அழறாங்க."