சோதனையில் தேறிய ஜாக்கெட்

கிளிமஞ்சாரோ அடிவார வாசலில், சுமைதூக்கிகளின் உடுப்பைச் சோதிக்கும் அதிகாரி உபெண்டோவின் தொப்பி வைத்த ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்தார். குளிருடுப்பு இல்லாவிட்டால் மலையேற விடமாட்டார், வேலை போய்விடும்.

"ரொம்ப லேசா இருக்கே தங்கச்சி. காத்து தாங்குமா?"

"உள்ள நுழையாதுண்ணே. தூறல் பட்டா உருண்டு ஓடிடும்."

"கொட்டுற மழைக்கு?"

"தாங்காதுண்ணே. பொய் சொல்லமாட்டேன்."

"நேர்மையான பொண்ணு. போ!"

உள்ளே போனவள், வேலி வளைவில் ஜாக்கெட்டைக் கழற்றி வெளியே வீசினாள். வரிசைக்குக் காத்திருந்த சுமைதூக்கி அமானி பிடித்து மாட்டிக்கொண்டான்.

"மேல நெஜமாவே நல்லாத் தாங்குதாக்கா?"

"யாருக்குத் தெரியும்? கடைக்காரன் சொன்னதைத்தான் எல்லாரும் ஒப்பிக்கிறோம். அது இன்னும் மலையே ஏறலடா!"

நைந்த பருத்திச் சட்டையோடு, மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பனியை நோக்கி நடந்தாள் உபெண்டோ.