கட்டையிடம் சொன்ன சேதி

ஆற்றங்கரைப் பெருச்சாளிக்கும் ஆமைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போன வெள்ளத்தில் ஆமை எல்லாரையும் முதுகில் சுமந்து கரைசேர்த்தது. பெருச்சாளியை மட்டும் கடைசியாக ஏற்றியது. அதை மறக்க முடியுமா?

இந்த மழைக்கும் ஆமை வந்தது. பக்கத்தில் கிடந்த மரக்கட்டையைப் பார்த்து, “கட்டையே, தண்ணி ஏறுது. வளைக்குள்ள இருக்கிற ஆளை மேட்டுக்குப் போகச் சொல்லு” என்றது.

“கட்டையே, கடைசியா ஏத்தினவர் பேச்சைக் கேக்க மாட்டேன்னு சொல்லு” என்றது பெருச்சாளி.

மறுநாள் வெள்ளம் கட்டையை அடித்துக்கொண்டு போனது. வளையும் மூழ்கியது. இனி யாரைப் பார்த்துக் கூப்பிடுவது என்று தெரியாமல் பெருச்சாளி இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தது. பிறகு, “ஆமையண்ணே!” என்று அலறியது.

ஆமை வந்து முதுகைக் கொடுத்தது.

மூச்சு வந்ததும், “இந்தத் தடவை நான்தானே முதல்?” என்றது பெருச்சாளி.

“நீ மட்டும்தான்டா. மத்தவங்க நேத்தே மேட்டுக்குப் போயிட்டாங்க.”

“எப்படியோ, முதல்தானே!” என்று பெருச்சாளி ஈர மீசையை முறுக்கிக்கொண்டது.